கருப்பை அகற்றும் அறுவையில் இரத்தப்போக்கைக் குறைக்கும் முறைகள்: உங்கள் அனுபவம் தேவை

மகளிர் மருத்துவத் துறை நண்பர்களுக்கு வணக்கம். பெரிய நார்த்திசுக்கட்டிகள் உள்ள கருப்பையை லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே செய்யும் அறுவை) மூலம் அகற்றும்போது, கருப்பைத் தமனியை அது உள் இலியாக் தமனியிலிருந்து (இடுப்புக்குழி உறுப்புகளுக்கு இரத்தம் தரும் பெருந்தமனி) பிரியும் இடத்திலேயே முதலில் கட்டிவிடுவது நல்லதா, அல்லது வழக்கம்போல் கருப்பையின் பக்கவாட்டில் மூடினால் போதுமா என்று ஒப்பிட்டு வருகிறேன். முதலிலேயே கட்டினால் இரத்தக்கசிவு குறைந்து பார்வை தெளிவாகிறது; ஆனால் தமனிக்கு அடியில் குறுக்கே செல்லும் யூரீட்டரை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய்) கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் அங்கே கிளிப் வைக்க எனக்குத் துணிவில்லை.

இரத்த உறைவுக்கட்டி வரலாறு இல்லாதவர்களுக்குக் கீறலுக்கு முன் இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1 கிராம் அளவில் சிரைவழி மெதுவாகச் செலுத்துவதில் தயக்கமில்லை. குழப்பமெல்லாம் கருப்பைத் தசையில் செலுத்தி இரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசின் மருந்தில்தான். நீர்த்துக் கொடுத்தாலும், தவறி இரத்தக்குழாய்க்குள் சென்றால் இரத்த அழுத்தம் எகிறி, இதயத்துடிப்பு சரிந்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஊசிக்குழலின் தண்டைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டே செலுத்த வேண்டியிருக்கிறது.

7 மில்லிமீட்டர் வரையுள்ள இரத்தக்குழாய்களை மின்சார வெப்பத்தால் மூடும் பைபோலார் கருவி கையில் இருக்கும்போது வாசோபிரசின் கூடுதலாக எதையேனும் தருகிறதா? எந்த அளவில் நீர்க்கிறீர்கள்? இரத்த இழப்பைக் கண்ணளவில் மதிப்பிடாமல், உறிஞ்சுகலத்தில் சேர்ந்த இரத்தத்தின் அளவையும் அறுவைக்கு முன்பின் ஹீமோகுளோபின் வேறுபாட்டையும் குறித்து வைத்திருப்பவர்கள் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.