சாங்கி பீரங்கி: நகல் வைப்பது சரியா?

கேள்வி: மகளுடன் சிங்கப்பூர் சாங்கியில் ஜொகூர் பீரங்கித் தளத்துக்குப் போனேன். 15 அங்குல வாயுள்ள பீரங்கி நகல்தான் என்றதும் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. அசல் எங்கே? இடிபாட்டை அப்படியே விடுவதுதானே நேர்மை?

பதில் 1: 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சரணடையும் முன் பிரிட்டிஷாரே தகர்த்துவிட்டார்கள். மிச்சம் போருக்குப் பின் பழைய இரும்பாகப் போனது. தளமே மறந்துபோய், 1991இல் சிறைத்துறையினர் கண்ணில்பட்டது. நிலத்தடியில் இருக்கும் குண்டுக் கிடங்குதான் அசல். அதைச் சொல்லுங்கள் பிள்ளைக்கு.

பதில் 2: அண்ணே, நான் கான்கிரீட் பழுது வேலை பார்க்கிறவன். கடலோரத்தில் "அப்படியே விடுவது" என்று ஒன்று கிடையாது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவாக்கும். துரு பருத்து வீங்கும், மேலே கான்கிரீட் பிளந்து பெயரும். சுத்தியலால் தட்டுவோம், 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடம் விட்டுப்போச்சு. அதன்மேல் சிமெண்ட் பூசி மறைப்பது கொடுமை, உள்ளே அரிப்பு நிற்காது. பெயர்ந்ததை எடுத்து, கம்பியைச் சுத்தம்செய்து, பழைய கலவைக்குப் பொருந்துகிற கலவையால் அடைக்க வேண்டும். கான்கிரீட் வார்த்தபோது பலகை அச்சுத் தடம் பதிந்த பரப்பைத் தொடவே கூடாது. போட்டவன் கைவேலை அது.

கேட்டவர்: நன்றி தம்பி. அப்போ அடுத்து செந்தோசா தீவில் இருக்கும் சிலோசோ கோட்டைதான். 2022இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்களே, அங்கே அந்தப் பலகைத் தடத்தை மகளோடு தேடிப் பார்க்கிறேன்.