மச்சானுக்கு ஆர்செனிக் ஏற்றப் போகிறார்களாம்

ஆத்தங்குடிக்காரன்: மச்சானுக்கு இங்கே பூக்கல் (தரை ஓடு) பட்டறையில் வேலை. ஈறில் ரத்தம், தொடையெல்லாம் கருநீலத் திட்டு. டெங்கு என்றுதான் நினைத்தோம். ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயாம். ஆர்செனிக் பாஷாணமாச்சே? அக்கா அழுகிறாள்.

காரைக்குடி லேப்காரர்: பாஷாணமேதான் தம்பி, அளந்து கொடுத்தால் மருந்து. பழனி நவபாஷாணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இந்த நோயில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ள, பிஎம்எல்-ராரா என்ற கோளாறுப் புரதம் உண்டாகிறது. வெள்ளணு முதிராமலே பெருகுகிறது. ஆர்செனிக் அந்தப் புரதத்தைச் சிதைக்கும். வைட்டமின் ஏ வகையான அட்ரா மாத்திரை அணுவை முதிர வைக்கும். 2013இல் வெளியான ஆய்வில், அபாயம் குறைந்த நோயாளிகளிடம் இந்த ஜோடி கீமோ கலந்த சிகிச்சைக்குக் குறையாமல் வேலை செய்தது. ஆரம்ப நாட்களில் ரத்தக்கசிவுதான் எமன். ஊருக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

தேவகோட்டை நர்ஸ்: ஈசிஜி, பொட்டாசியம் அடிக்கடி பார்ப்பார்கள், சலிக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ எடை திடீரென ஏறினாலோ உடனே சொல்லுங்கள். லேகியத்தோடு ஒரு பெரியப்பா வருவார், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்: வந்துவிட்டார்! அப்புறம், மரபணு ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அட்ரா ஆரம்பித்துவிட்டார்களே?

காரைக்குடி லேப்காரர்: சரிதான். சந்தேகம் வந்ததுமே தொடங்குவதுதான் முறை.