கைடைப் பார்த்து எழுதினால் வீட்டுப்பாடம் முடிந்ததா?

மண்டபம், ஒரு அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறாள், ஆனால் எல்லாம் கைடில் இருக்கிற கேள்வி பதிலை அப்படியே நோட்டில் இறக்குவதுதான், மறுநாள் அதிலிருந்தே ஒன்றைக் கேட்டால் முழிக்கிறாள். நான் நண்டு கம்பெனி வேலை முடிந்து வர இருட்டிவிடும், அவள் அப்பா விசைப்படகில் போகிறவர், இரண்டு பேருமே எட்டாவதைத் தாண்டவில்லை. டியூசனுக்கு இப்போது வசதி இல்லை. அவளாகவே படிக்க எப்படிப் பழக்குவது?

தொண்டி, அறிவியல் ஆசிரியர்:
சகோதரி, பார்த்து எழுதுவதில் கைதான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெறும் தாளில் எழுதட்டும். அப்புறம் திறந்து பார்த்து, விட்டதை வேறு மையில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே பக்கம், அடுத்த வாரம் இன்னொரு தடவை. யோசித்து யோசித்து எடுக்கிற அந்தச் சிரமத்தில்தான் பாடம் நிற்கும். இதற்கு உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதே இல்லை, தாளை வாங்கி வேறு மையில் என்ன சேர்த்தாய் என்று கேளுங்கள், போதும். கணக்குக்கும் இதேதான், எடுத்துக்காட்டின் விடையை மறைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கணும்.

பாம்பன், கல்லூரி மாணவி:
அக்கா, அவங்க அப்பா கரையில் இருக்கிற நாளில் பாடத்தை அவருக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்க. ஒன்பதாவதில் பாய்மங்கள் பாடம் இருக்கு, ஆர்க்கிமிடிஸ் தத்துவம், அதாவது ஒரு பொருள் அமுங்கி விலக்குகிற தண்ணியின் எடை அளவுக்குத் தண்ணி அதை மேலே தள்ளும் என்பது. ஐஸ் ஏற்ற ஏற்றப் படகு எவ்வளவு அமுங்கும் என்று அவருக்குக் கண்ணாலேயே தெரியும், ஏன் என்று இவள் சொல்லட்டும். எங்க அப்பா என்னிடம், இதே படகைக் கண்மாயில் விட்டால் மேலே நிற்குமா, இன்னும் அமுங்குமா என்று கேட்டார். அமுங்கும், உப்புத் தண்ணிக்குத்தான் அடர்த்தி அதிகம். அதைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தது இன்னும் மறக்கவில்லை. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அப்போது அவரும் வீட்டில்தான் இருப்பார், விடுமுறையும் வந்துவிடும்.

மண்டபம், ஒரு அம்மா:
சரிம்மா, அவரிடம் சொல்கிறேன். ஆனால் நோட்டு எழுதாமல் போனால் பள்ளியில் திட்டுவார்களே சார்?

தொண்டி, அறிவியல் ஆசிரியர்:
நோட்டை விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் தாளில் பார்க்காமல், திருத்திய பிறகு நோட்டில், அதுவும் கைடு இல்லாமல் பாடநூலை வைத்து. புரியாத இடத்தில் பாடநூலில் இருக்கிற கியூஆர் கோடை உங்கள் போனில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், பார்த்ததும் போனை வாங்கி வைத்துவிடுங்கள். எழுத்து வேலை தாங்க முடியாத அளவு வந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தயங்காமல் பேசுங்கள், அதில் பெற்றோர்தான் அதிகம் இருக்கிறார்கள்.