ஷாட்டோ லத்தூர்: ஏன் இவ்வளவு இறுக்கம்? 1996ஐ எப்படித் திறப்பது?

கொடிமுந்திரி:
பிரான்ஸின் போர்தோ ஒயின்களுக்கான 1855 தரவரிசையில் முதல் தரம் பெற்ற நான்கு சிவப்பு ஒயின்களில் லத்தூரை மட்டும் "இருபது வருஷம் கழிச்சுத் தொடு" என்கிறார்களே, காரணம் மண்ணா, தயாரிப்பு முறையா? 1996 கிராண்ட் வேனை (தோட்டத்தின் முதன்மை ஒயின்) எத்தனை மணி நேரம் டிகான்டரில் (காற்றுபட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) விட வேண்டும்? இவர்களின் இரண்டாவது ஒயினான லே ஃபோர் வெறும் கழித்த சரக்கா?

நிலவறை:
முதல் காரணம் மண். போர்தோவின் போயாக் ஊரில் ஷாட்டோ மாளிகையைச் சுற்றி ஒரே துண்டாகக் கிடக்கும் 47 ஹெக்டேர் நிலத்துக்கு லான்க்லோ என்று பெயர். தோட்டம் மொத்தம் 90 ஹெக்டேருக்கு மேல் இருந்தாலும், கிராண்ட் வேனுக்குப் பழம் வருவது லான்க்லோவின் வயதான கொடிகளிலிருந்துதான். மேலே சரளைக்கல், அடியில் களிமண். மழைநீர் சரளையில் நிற்காமல் வடிந்துவிடும். கோடை வறண்டால் ஆழமான வேருக்குக் களிமண் ஈரம் கொடுக்கும். ஜிரோந்த் கழிமுகம் சில நூறு மீட்டரில் இருப்பதால் உறைபனி கடுமையாக இறங்காது. 1991 ஏப்ரலில் போர்தோ முழுக்கக் கொடிகள் கருகியபோது இங்கே சேதம் குறைவு.

இந்த நிலத்தில் காபர்னே சோவின்யோன் திராட்சை நன்றாகப் பழுக்கும். கலவையில் முக்கால் பங்குக்குக் குறையாது, சில ஆண்டுகளில் 90 சதவீதத்தையும் தாண்டும். மணி சிறிது, தோல் தடிப்பு, அதனால் டானின் (நாக்கை இறுக்கும் துவர்ப்பு) அதிகம். பச்சைக் கசப்பு இல்லாத, பழுத்த டானின்தான். ஆனாலும் அளவு அதிகம் என்பதால் இளகக் காலம் பிடிக்கிறது. 225 லிட்டர் புது ஓக் பீப்பாயில் சுமார் 18 மாதம் கிடந்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தெளிய வைத்த பிறகும் அந்த முதுகெலும்பு அப்படியே இருக்கும்.

பழைய பீப்பாய்:
லே ஃபோரைக் கழித்த சரக்கு என்பது தவறு. லான்க்லோவுக்கு வெளியே உள்ள நிலங்களும் லான்க்லோவின் இளம் கொடிகளும் சேர்ந்தது அது. முதல் விளைச்சல் ஆண்டு 1966. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு போயாக் ஒயினும் உண்டு. இப்படி வடிகட்டுவதால்தான் சுமாரான ஆண்டிலும் கிராண்ட் வேன் தலைநிமிர்ந்து நிற்கிறது.

இந்தக் கறார்த்தனத்துக்கு உரிமையாளர்களும் காரணம். 18ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கித் தந்த செகூர் வம்சத்தின் வாரிசுகள் 1963 வரை பெரும்பங்கைக் கையில் வைத்திருந்தார்கள். அதை வாங்கிய பிரிட்டிஷார் 1964லேயே மரத்தொட்டிகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள் வைத்து, நொதிக்கும் வெப்பத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1993இல் பிரெஞ்சுத் தொழிலதிபர் ஃபிரான்ஸுவா பினோ வாங்கினார். 2012இல் பீப்பாயில் இருக்கும்போதே விற்கும் ஆன் ப்ரிமூர் முறையிலிருந்து விலகினார்கள். இப்போது பக்குவம் வந்த பிறகே வெளியே விடுகிறார்கள். வாங்குகிறவருக்கு அது பெரிய லாபம், பாட்டில் நேரே அவர்கள் நிலவறையிலிருந்து வருகிறது.

நிலவறை:
1996க்கு முறை இதுதான். இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். திறக்கும்போது 16 முதல் 18 டிகிரி போதும். பழைய கார்க்கில் திருகாணி ஏற்றினால் நடுவில் பிட்டுக்கொள்ளும். இரண்டு தகடு உள்ள திறப்பானை ஓரமாக மாறி மாறி அழுத்தி இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுங்கள். கழுத்துக்குக் கீழே டார்ச் வைத்து நிதானமாக ஊற்றுங்கள். வண்டலின் கறுப்பு இழை பாட்டிலின் தோள்பட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஆசைப்பட்டு மிச்சத்தையும் கவிழ்த்தால் எல்லாம் கலங்கிவிடும்.

முதலில் ஒரு வாய் சுவையுங்கள். வாசம் எழாமல் மூடிக்கிடந்தால் இரண்டு மணி நேரம் வரை விடலாம். கருந்திராட்சை, தேவதாரு, பென்சில் சீவிய வாசம் வந்துவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. 1961 போன்ற கிழட்டுப் பாட்டிலை அவ்வளவு நேரம் விடவே கூடாது, வாசம் பறந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் அது கார்க்கின் கோளாறு, எத்தனை மணி நேரம் வைத்தாலும் போகாது.

பழைய பீப்பாய்:
ஏலத்தில் எடுப்பதாக இருந்தால் ஒயின் மட்டத்தைப் பாருங்கள். இந்த வயதுக்குக் கழுத்தின் அடிவரை இறங்கியிருப்பது சகஜம், தோள்பட்டை நடுவுக்கு வந்துவிட்டால் வேண்டாம். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தால் எங்கோ சூடு பட்டிருக்கலாம்.