ஒரே ஒரு பாடத்தால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகுமா?

நண்பர்களே, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். என் தங்கை ஒரு சின்னக் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள், அடுத்தது கடைசி வருடம். அங்கே ஆசிரியர்கள் குறைவு என்பதால் சில கட்டாயப் பாடங்களை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடத்துகிறார்கள். உடம்பு சரியில்லாமல் அவள் விட்டுவிட்ட பாடம் இனி அவள் படிப்பை முடிக்க வேண்டிய காலத்துக்குப் பிறகுதான் வரும்.

கல்லூரியின் விதிக் கையேட்டைப் படித்ததில் 2 வழிகள் தெரிகின்றன. ஓர் ஆசிரியரிடம் தனியாகப் படித்து அதே கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்தால் பட்டத்துக்குக் கணக்காகும் புள்ளிகளைப் பெறலாம். ஆனால் துறைத்தலைவர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் வேறு கல்லூரியில் படித்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம். இதில்தான் எனக்குப் பயம். கடைசி வருட கிரெடிட்களைச் சொந்தக் கல்லூரியிலேயே எடுக்க வேண்டும் என்று இன்னொரு பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. இரண்டும் மோதுகின்றன.

புதிய பாடத்திட்டத்தில் இந்தப் பாடம் விருப்பப் பாடமாம். ஆனால் அதற்கு மாறினால் புதிய விதிகள் முழுவதும் பொருந்தும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

யாராவது இப்படி விதிவிலக்கு வாங்கியிருக்கிறீர்களா? விண்ணப்பத்தை முதலில் யாரிடம் கொடுத்தீர்கள்? எழுத்துப்பூர்வமான அனுமதி கிடைத்ததா? நன்றாகப் படிக்கிற பெண், ஒரு வருடம் வீணாகக் கூடாது.