புதுப்பிப்பு: ஜப்பான் மின்சாரக் காரின் திரையும் நாவிகேஷனும்

ஜப்பானில் ஓடிய பழைய மின்சாரக் கார், திரை முழுக்க ஜப்பான் மொழி, மாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தெஹிவளையில் ஒரு கராஜில், ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள மீட்டரை ஆங்கிலத்துக்கு மாற்றித் தந்தார்கள். நடுத்திரை மாறவில்லை. அதில் ஜப்பான் வரைபடம் மட்டும்தான், கொழும்பின் காலி வீதியைத் (Galle Road) தேடிப் பயனில்லை. போனை டாஷ்போர்டில் மாட்டி கூகுள் மேப்ஸில்தான் ஓடுகிறேன். சார்ஜ் டைமர் மெனுவை மட்டும் போன் கமராவால் மொழிபெயர்த்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன். ரேடியோவிலும் சிக்கல்தான்: ஜப்பானில் எஃப்எம் 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் என்பதால், 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள நம் அலைவரிசைகள் எதுவும் பிடிபடாது. அதற்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் (நம் அலைவரிசைகளை ஜப்பான் ரேடியோ பிடிக்கும் எல்லைக்குள் மாற்றித் தரும் சிறு கருவி) வேண்டும்.

முக்கியமான விஷயம் இதுதான். மீதித் தூரம் என்று கார் காட்டும் எண்ணை நம்பிக் கண்டிக்குப் புறப்படாதீர்கள். அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. கடுகண்ணாவ ஏற்றம் அதற்குத் தெரியாது. கொழும்பு நெரிசலில் மெதுவாக ஓடிய பிறகு தாராளமாகக் காட்டும், ஏற்றத்தில் மளமளவென்று இறங்கும். பேட்டரி சதவீதத்தைப் பாருங்கள். பழைய பேட்டரியின் உண்மையான நிலையை அறிய ஓபிடி புளூடூத் கருவி (காரில் செருகினால் அதன் தரவைப் போனுக்கு அனுப்புவது) ஒன்று வாங்கியிருக்கிறேன். காரை வாங்கும் முன்பே அதை மாட்டிப் பார்ப்பது நல்லது.