கல்லடியில் சீஸ், தேன், வைன் கடை: எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு கல்லடியில கடைக்கு 12க்கு 20 அடியில ஒரு அறை பேசியாச்சு. முகப்பு முழுக்கக் கண்ணாடி, மேற்குப் பார்த்தது. சீஸ், ஒலிவ் எண்ணெய், சொக்லேட், நம்மட தேன், சட்டித் தயிர், கஜு வைக்க எண்ணம். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போற வெளிநாட்டாக்களுக்கு வைனும் வைக்கலாமா? காசு எதில முதலில போட வேணும்?

வாவிக்கரை:
தம்பி, வைனை இப்ப விடுங்க. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயரைப் பதிஞ்சு, மாநகர சபை அனுமதி எடுத்தா சாப்பாட்டுச் சாமானுக்குப் போதும். மதுவுக்கு மதுவரித் திணைக்களத்தின் தனி அனுமதிப்பத்திரம் வேணும். அதில்லாமல் பரிசுக் கூடையில ஒரு போத்தல் வைச்சு வித்தாலும் விற்பனைதான். 21 வயசுக்குக் குறைஞ்சவங்களுக்கு விற்க ஏலாது, போயாவுக்கு மூட வேணும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும் தடுக்குது, அதனால் கண்ணாடியில 'வைன்' என்று பெரிசா ஒட்டுற யோசனையும் வேணாம்.

காசைக் குளிரூட்டியில போடுங்க. கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கிற காலத்தில மேற்குக் கண்ணாடி பின்னேரம் அடுப்புத்தான். முதலில வெளிப்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்குங்க. உள்ளே திரை போட்டா, அதில படமுன்னமே சூடு கண்ணாடியால உள்ளே வந்திடும். ஒலிவ் எண்ணெயும் கஜுவும் உள் சுவரோரம். வெளிச்சமும் சூடும் பட்டா ரெண்டும் காறிப் போகும்.

பட்டிருப்பு:
சீஸுக்கு 4 முதல் 8 பாகை. வெட்டின துண்டை இறுக்கிப் பொலித்தீன் சுத்தினா வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மெழுகுத் தாள் சுத்தி, மேலே தளர்வா ஒரு பை போதும். சட்டித் தயிரை அதே தட்டில வைக்காதீங்க. சட்டி ஈரம் கசியும், அந்த ஈரத்தில சீஸ் கெடும். தயிருக்குக் கீழ்த் தட்டு, அடியில தண்ணி வடியிற தட்டம்.

சொக்லேட்டுக்கு 16 முதல் 18 பாகை. வெள்ளை படர்ந்தா ஆக்கள் பூஞ்சணம் என்று திருப்பிக் கொண்டு வருவாங்க. கொக்கோக் கொழுப்பு இளகி மேலே வந்து உறைஞ்சதுதான் பெரும்பாலும் அது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உடனே வெளியில வைச்சாலும் ஈரம் பட்டு வெள்ளை வரும், அது சீனி.

கரண்ட் போனா குளிர்ப்பெட்டிக் கதவைத் திறக்காதீங்க. மூடினபடி நாலு மணித்தியாலம் தாங்கும். அதுக்கு மேலே போனா மெது சீஸை எறியத்தான் வேணும், கட்டிச் சீஸ் தப்பும். வோல்டேஜ் ஏறி இறங்குற இடமென்றா ஸ்டெபிலைசர் கட்டாயம். கரண்ட் வந்த கையோட கொம்பிரசர் ஓடாம ஒரு மூணு நிமிஷம் பிந்துற மாதிரி வைங்க.

காத்தான்குடி 6:
சீஸ் வாங்குறப்ப லேபிளில ரெனட் (சீஸுக்குப் பாலைத் திரைய வைக்கிற சாமான்) எதுல இருந்து என்று பாருங்க. மிருக ரெனட் என்றா எங்கட முஸ்லிம் ஆக்கள் வாங்க யோசிப்பாங்க, சைவக்காரரும் கேட்பாங்க. நுண்ணுயிர் ரெனட் என்று போட்டிருந்தா ரெண்டு பக்கமும் வரும். ஜெலட்டின் உள்ள மிட்டாயும் அப்படித்தான். மதுவும் சாப்பாடும் ஒரே கல்லாவில இருந்தா இந்தப் பக்க வாடிக்கை வராது, அதைக் கணக்கில எடுங்க.

கல்லடிப்பாலம்:
நன்றி நானா. வைன் இல்லை என்று முடிவு. தேனைத் தண்ணியில ஊத்திப் பார்த்து வாங்கலாமா?

பட்டிருப்பு:
அது பிழை. சீனிப்பாகும் அடியில போய் நிற்கும். ரிஃப்ராக்டோமீற்றர் என்ற அளவுக் கருவியால தேனில உள்ள ஈரம் பாருங்க: 20 வீதத்துக்கு மேலே என்றா புளிக்கும், மூடி ஊதும். மாரியில திறந்து வைச்ச தேன் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும், அதனால சின்னப் போத்தலில இறுக்கி மூடி விற்கிறது நல்லம். உறைஞ்ச தேனைக் கலப்படமென்று நினைச்சுத் திருப்பாதீங்க. 40 பாகைக்கு மேலே போகாத தண்ணியில வைச்சா இளகும். போத்தலில நிறையும் திகதியும் போடுங்க, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில பார்க்கிறது அதைத்தான்.